சுத்த ரத்தத்தில் ஒரு மேடு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘டிஸ்டில்டு அக்கா’ என்று பெயர். வைத்தவர்கள் மாணவர்கள். எந்தக் கண்ணாடிப் பாத்திரத்தையும் மூன்று முறை காய்ச்சி வடித்த நீரில் அலசாமல் மேசைமேல் வைக்க மாட்டாள். தன் தேநீர்க் கோப்பையையும் அப்படித்தான் அலசுவாள் என்று ஒரு வதந்தி உண்டு. வதந்தி இல்லை, நானே பார்த்திருக்கிறேன்.

நான் அங்கே கருவிகளைப் பழுது பார்ப்பவன். எந்தக் கருவி மக்கர் செய்தாலும் முதலில் என்னைத் திட்டுவார்கள், அப்புறம்தான் கூப்பிடுவார்கள். அவளும் நானும் ஒரே தெருவில் குடியிருக்கிறோம். என் ஸ்கூட்டரில்தான் வேலைக்கு வருவாள். என்னை ‘அண்ணே’ என்பாள். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், மகள் பத்தாவது படிக்கிறாள். இதற்கு மேல் அவள் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல குடும்பங்களைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அவள் பன்னிரண்டு வருடமாகச் செய்துவந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பென்சில் பருமனில் ஒரு பிளாஸ்டிக் குச்சி. அதன் நுனியில் மிளகு அளவுக்குக் கண்ணாடி மாதிரி பளபளக்கும் கரிவட்டம். அந்தக் கரியின் மேல் ஒரு சொட்டு டிஎன்ஏ கரைசலை விட்டுக் காயவைப்பார்கள். குச்சியைத் திரவத்தில் முக்கி, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் கணினித் திரையில் ஒரு கோடு ஓடும். டிஎன்ஏ அடிபட்டிருந்தால் அந்தக் கோடு ஒரு குறிப்பிட்ட இடத்தில் மேடாக எழும்பும். புற்றுநோய் மருந்தின் வேலையே டிஎன்ஏவை அடிப்பதுதான். ஆகவே மேடு உயர்ந்தால் மருந்து அதிகம், தாழ்ந்தால் குறைவு. நோயாளியின் ரத்தத்தில் எவ்வளவு மருந்து ஓடுகிறது என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். மருத்துவர் அதைப் பார்த்து அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். பேராசிரியர் அம்மாவின் கனவு இது.

ஒவ்வொரு அளவீட்டுக்கும் பிறகு அந்தக் கரியை மறுபடி பளபளப்பாக்க வேண்டும். வெள்ளைப் பொடியை நீரில் குழைத்து ஈரத் துணியில் பூசி, குச்சியைச் செங்குத்தாகப் பிடித்து எட்டு எழுதுவதுபோலத் தேய்க்க வேண்டும். ஒரு குச்சிக்கு நூறு எட்டு. ஒரு நாளைக்கு முப்பது குச்சியாவது வரும். கட்டுரைகளில் இதற்கு ஒரே ஒரு வரிதான் எழுதுவார்கள்: ‘மின்முனை மெருகேற்றப்பட்டது.’ யார் ஏற்றினார்கள் என்று இருக்காது.

அவள் கை மட்டுமல்ல, அவள் ரத்தமும் அந்த ஆய்வில் இருந்தது. நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட, மருந்தே படாத ரத்தம் ஒன்று வேண்டும். ஆய்வுக்கூட வழக்கப்படி அதை அங்கே வேலை செய்பவர்களில் ஒருவர்தான் தர வேண்டும். மாணவர்கள் ஊசியைக் கண்டாலே சுவரைப் பிடிப்பார்கள். அதனால் திங்கட்கிழமைதோறும் காலையில் செவிலி வந்து இவள் கையில்தான் எடுப்பார். ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரைச் சின்னக் குழாய்களில் பிரித்து, ‘சுத்தம்’ என்று சீட்டு ஒட்டி உறையவைப்பாள். அந்த வாரம் முழுவதும் அதுதான் அளவுகோல். அதில் மேடு வரக்கூடாது. மூன்று வருடமாக வந்ததும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை மேடு வந்தது.

பார்த்தவர் ‘வருங்கால டாக்டர்’. ஐந்து வருடமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார், ஐந்து வருடமாக ‘அடுத்த வருஷம் முடிச்சிடுவேன்’ என்கிறார், அதனால் அந்தப் பெயர். கெட்டவர் இல்லை. ஆனால் தன் வேலையில் தவறு வரும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. அப்படிப்பட்டவர்களோடு வேலை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கெட்டவர்களோடு காலம் தள்ளுவது எளிது.

“அக்கா, சுத்த ரத்தத்துல பீக் வருது. குழாயைச் சரியா கழுவுனீங்களா?”

“மூணு தடவை.”

“அப்புறம் எப்படி வரும்? மெஷினா இருக்குமோ?”

உடனே நான் வரவழைக்கப்பட்டேன். குச்சியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மின்தடையை மாட்டிக் கருவியை ஓட்டினேன். கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக ஓடியது. கருவியில் குறையில்லை என்றேன். அதோடு என் வேலை முடிந்தது, அவள் தலைவலி ஆரம்பித்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் நேர் என்று நான் சொல்லிவிட்டேனா, அடுத்து கூடத்தைப் பெருக்கினவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் அவள் எல்லாவற்றையும் அமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவினாள். அடுத்த திங்கள் எடுத்த ரத்தத்தில் மேடு இல்லை. “பாத்தீங்களா, ஒழுங்கா கழுவினா சரியாயிடுது” என்றார் வருங்கால டாக்டர். அவள் கன்னத்தைக் கையால் தாங்கியபடி நின்றாள். ஒரு மாதமாகக் கடைவாய்ப் பல் அவளைப் படுத்திக்கொண்டிருந்தது. பல் மருத்துவரிடம் போக ஒரு நாள் விடுப்பு வேண்டும். முப்பது குச்சியையும் அன்று யார் தேய்ப்பது?

மூன்றாவது திங்கள் மறுபடி மேடு வந்தது, முன்னதைவிட உயரமாக.

இந்த முறை வருங்கால டாக்டர் எழுத்தில் கொடுத்துவிட்டார். ‘ஆய்வகப் பணியாளரின் சுத்தமின்மையால் மாதிரிகளில் கலப்படம் ஏற்படுகிறது.’ அந்த ஒரு வரிக்குக் கீழே தேதி, கையெழுத்து. இளைத்தவன் தலையில்தானே மிளகாய் அரைப்பார்கள்? பேராசிரியர் அம்மா அவளைக் கூப்பிட்டு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஆய்வு மேசையில் வேலை வேண்டாம், கீழே கண்ணாடிப் பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள் என்றார். சம்பளத்தில் மாற்றமில்லை என்று ஆறுதலும் சொன்னார்.

அன்று ஸ்கூட்டரில் வீடு திரும்பினோம். தெருமுனையில் இறங்கியதும் வெடித்தாள்.

“சம்பளத்தை யாரு கேட்டா? பன்னெண்டு வருஷமா என் கைக்கு ஒரு பேரு இருக்கு. அழுக்குக் கைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அது தப்புன்னு எழுதித் தரட்டும். அதுக்கப்புறம் கிடங்குக்கு அனுப்பட்டும், கக்கூஸ் கழுவ அனுப்பட்டும், போறேன்.”

அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான். முதல் தேதிக்குப் பத்து நாள் இருந்தது.

அந்தப் பத்து நாளில் அவள் செய்ததை ஆராய்ச்சி என்று சொல்ல யாரும் முன்வர மாட்டார்கள். நான் சொல்கிறேன். மூன்றாம் திங்கள் எடுத்து உறையவைத்த குழாய்களில் பதினான்கு மீதி இருந்தன. ஒரு நாளைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றி அளந்தாள். ஒரு நாள் புதுத் துணி, ஒரு நாள் புதுப் பொடி, ஒரு நாள் புதுக் கரைசல். கையுறையை மாற்றினாள். தண்ணீரைப் பக்கத்துக் கட்டடத்திலிருந்து கேன் பிடித்துக்கொண்டு வந்தாள். குச்சியைக்கூட மாற்றினாள். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் ஒவ்வொன்றையும் எழுதி எதிரே ‘மேடு உண்டு’ என்று குறித்தாள். மேடு உண்டு, மேடு உண்டு, மேடு உண்டு. வருங்கால டாக்டர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கோட்டைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போவார். எனக்கு அந்தத் தலையையே பிடித்து ஆட்ட வேண்டும்போல இருக்கும்.

ஏழாம் நாள் மதியம் என் பட்டறைக்கு வந்தாள். நோட்டை என் மேசையில் போட்டாள்.

“எல்லாத்தையும் கழுவிட்டேன் அண்ணே. கழுவாதது ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்.”

“என்ன?”

“என் ரத்தம்.”

அன்று என் ரத்தம் எடுக்கப்பட்டது. ஊசிக்கு நான் பயப்படுவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். செவிலி நாற்காலி கொண்டுவரச் சொன்னது வேறு விஷயம். அதே குழாய், அதே குச்சி, அதே கரைசல். என் ரத்தத்தில் கோடு சமவெளியாக ஓடியது. பக்கத்திலேயே அவளுடையதை ஓட்டினோம். மேடு.

நான் சிரித்துவிட்டேன். “உன் கை சுத்தம்மா! வா, மேடம்கிட்ட போலாம்!”

அவள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த மேட்டுக்கு அவள் மூன்று வருடமாகக் கேட்டுவந்த அர்த்தம் ஒன்றுதான்: டிஎன்ஏ அடிபட்டிருக்கிறது. அந்த மேடு வருகிற குழாய்களில் ஒட்டியிருப்பதெல்லாம் புற்றுநோயாளிகளின் எண்கள்.

“எனக்கு என்னமோ இருக்கு அண்ணே” என்றாள். “வீட்டுல சொல்லிடாதீங்க.”

திருகாணியும் கம்பியும் தெரிந்தவன் நான். எந்தக் கருவியிடமும் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. மறுநாள் காலை அவள் வீட்டு வாசலில் காத்திருந்தபோது உள்ளே மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எப்போதும் இரண்டு நிமிடத்தில் முடிக்கிறவள், அன்று பிரித்துப் பிரித்துப் பின்னினாள். “லேட்டாகுதும்மா” என்று பெண் கத்தினாள். வீட்டுக்காரர் வேன் சாவியோடு வெளியே வந்து என்னிடம் முணுமுணுத்தார். “ராத்திரி பூரா தூங்கல. பல்லைப் பிடுங்கிட்டு வாடின்னா கேட்க மாட்டேங்கிறா. மாத்திரையையே தின்னுட்டுக் கெடக்கா.”

ஸ்கூட்டர் பாதி வழி போன பிறகுதான் அந்த வார்த்தை என் மண்டையில் ஏறியது. ஓரமாக நிறுத்தினேன்.

“என்ன மாத்திரை போடறே?”

“இதென்ன, எல்லாரும் போடறதுதான். காய்ச்சலுக்கும் வலிக்கும் கடையில தருவாங்களே, அந்த வெள்ளை மாத்திரை.”

“ரத்தம் எடுத்த அன்னிக்குப் போட்டியா?”

யோசித்தாள். “முதல் திங்கள் காலையில போட்டேன். மூணாவது திங்கள் ரெண்டா போட்டேன், தாங்க முடியல.”

“நடுவுல வந்த திங்கள்?”

“அன்னிக்கு அட்டை தீர்ந்துபோச்சு. வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன், மறந்துட்டு வந்து நிக்கிறாரு மனுஷன். அன்னிக்குப் பெரிய சண்டை.” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். “அன்னிக்கு மேடு வரல.”

ஆய்வுக்கூடத்தில் அப்போது யாரும் வந்திருக்கவில்லை. அவள் ஒரு குச்சியை எடுத்து நூறு எட்டு தேய்த்தாள். டிஎன்ஏ ஒரு சொட்டுக்கூட வைக்கவில்லை, வெறும் கரி. மாத்திரையில் நகக்கண் அளவு சுரண்டிக் கரைசலில் போட்டாள். நான் கருவியை ஓட்டினேன். கோடு நகர்ந்து நகர்ந்து வந்தது. அதே இடத்தில், இம்மி பிசகாமல், மேடு எழுந்தது. டிஎன்ஏவே இல்லாதபோது அடிபட்ட டிஎன்ஏ எங்கிருந்து வரும்? மாத்திரையும் அதே மின்னழுத்தத்தில் மேடு காட்டுகிற சரக்கு, அவ்வளவுதான்.

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுதாள், சிரித்தாள், மூக்கை மேலங்கியில் துடைத்துவிட்டு அந்த மேலங்கியைக் கழற்றித் துவைக்கப் போட்டாள். அப்புறம் சட்டென்று நிமிர்ந்தாள்.

“அண்ணே, அந்த நோயாளிங்களுக்கும் இந்த மாத்திரை கொடுப்பாங்களோ?”

மருத்துவமனை வார்டில் மாதிரி எடுக்கிற செவிலிக்கு நான்தான் தொலைபேசி போட்டேன்.

“மருந்து ஏத்துறதுக்கு அரை மணி முன்னாடி ரெண்டு மாத்திரை கொடுப்போம் சார். குளிர் நடுக்கம் வராம இருக்க. எல்லாருக்கும்தான்.”

“முதல் ரத்தம் எப்ப எடுக்கறீங்க?”

“அதுக்கும் முன்னாடி. ஏன், இது உங்களுக்குத் தெரியாதா?”

“நீங்க எழுதி அனுப்பலையே.”

“உங்க ஃபார்ம்ல கேன்சர் மருந்துக்கு மட்டும்தானே கட்டம் இருக்கு?”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ‘மருந்துக்கு முன்’ எடுத்த ரத்தத்தில் மேடு இல்லை, ‘மருந்துக்குப் பின்’ எடுத்ததில் உயர்ந்த மேடு. இந்த ஒரு படத்தை வைத்துத்தான் மூன்று வருடம் கட்டுரை எழுதினார்கள், கூட்டங்களில் கைதட்டு வாங்கினார்கள். நோயாளிகள் நூற்றுப் பதினெட்டுப் பேர். அந்த உயரத்தில் எவ்வளவு மருந்து, எவ்வளவு மாத்திரை என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வைட்டமின் குறுக்கிடுமா, யூரிக் அமிலம் குறுக்கிடுமா என்றெல்லாம் பார்த்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு அலமாரியில் கிடக்கிற மாத்திரையை ஒருவரும் நினைக்கவில்லை. படித்தவர்கள் பெரிய விஷயத்தில் தவறு செய்வதில்லை. இப்படித்தான் செய்வார்கள்.

“இதைச் சொன்னா அந்தப் பையனோட அஞ்சு வருஷம் போச்சு” என்றேன்.

“சொல்லலைன்னா? நாளைக்கு ஒரு டாக்டர் இந்த மேட்டை நம்பி, மருந்து ஜாஸ்தியா இருக்குன்னு குறைச்சுட்டா அந்த நோயாளி கதி என்ன அண்ணே?” என்றாள். ஒரு நொடி விட்டு, “என் பேரும் இருக்கு” என்றாள். இரண்டையும் அவள் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வருங்கால டாக்டர் முதலில் கத்தினார். இது கிடங்குக்குப் போகாமலிருக்க அவள் கட்டிய கதை என்றார். பேராசிரியர் அம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டு, எல்லார் முன்னாலும் செய்து காட்டச் சொன்னார். அதனால் செவிலி வந்தார். முந்தின நாளிலிருந்து மாத்திரை போடாத அவள் கையில் முதல் ரத்தம் எடுத்தார். பிறகு அவள் மாத்திரையை விழுங்கினாள். அரை மணி நேரம் ஒன்பது பேர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது ரத்தம் எடுத்தார். வருங்கால டாக்டர் தானே கழுவினார், தானே தேய்த்தார், தானே ஓட்டினார். முதலாவதில் சமவெளி. இரண்டாவதில் மேடு.

பேராசிரியர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்ப அனுப்பியிருக்கிற கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறேன். ஏற்கெனவே வந்ததுல தப்பு இருக்குன்னு எழுதிடறேன். ஹாஸ்பிடலுக்கு இன்னிக்கே சொல்லணும்” என்றார். மறைக்க நினைக்காத அந்தப் பெருந்தன்மையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்னைத் தவிர அந்த அறையில் இருந்த ஒருவர்கூட, பஞ்சை முழங்கையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் பக்கம் திரும்பவில்லை. வருங்கால டாக்டர் எழுந்து வெளியே போய்விட்டார். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார் என்று கேள்விப்பட்டேன். பாவம்தான். பாவம் என்பதற்காக என் கோபம் குறையவில்லை.

மாதக் கடைசி நாள் அவளுக்கு ஓர் உறை வந்தது. என் பட்டறையில் வைத்துத்தான் பிரித்தாள். உள்ளே இரண்டு காகிதம். முதல் காகிதத்தை என்னைப் படிக்கச் சொன்னாள்.

‘மேற்படி கலப்படம் ஆய்வகப் பணியாளரால் ஏற்பட்டது என்பது உறுதிசெய்யப்படவில்லை.’

இரண்டு முறை படித்தேன். உறுதிசெய்யப்படவில்லை! அதாவது அவள் கழுவாமலும் இருந்திருக்கலாம், அகப்படவில்லை, அவ்வளவுதான். அலுவலகத்து ஆட்களுக்கு ‘அவள் தவறு இல்லை’ என்று எழுத வராது. அந்த எழுத்துகளை அவர்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லைபோல. நான் மேசையை ஓங்கிக் குத்தினேன். திருகாணி டப்பா கவிழ்ந்தது.

“அடுத்ததைப் படிங்க” என்றாள்.

நோயாளிகளின் மாதிரிகள் நிறுத்தப்படுவதால் மேசைப் பணியிடம் இனி தேவைப்படவில்லை, நாளை முதல் கண்ணாடிப் பொருள் கிடங்கில் பணியேற்க வேண்டும் என்றது இரண்டாவது. தவறு செய்தாள் என்றபோதும் கிடங்கு, செய்யவில்லை என்றபோதும் கிடங்கு. அவள் கீழே குனிந்து திருகாணிகளைப் பொறுக்கினாள். அளவு வாரியாகப் பிரித்துத்தான் டப்பாவில் போட்டாள்.

இரண்டு வாரம் கழிந்தது, அவள் பல்லையும் பிடுங்கியாயிற்று. கிடங்கில் ஒரு மின்விளக்கு எரியவில்லை என்று நான் ஏணியில் ஏறி நின்றேன். அப்போது வருங்கால டாக்டர் கதவருகே வந்து நின்றார். ஆள் இளைத்திருந்தார்.

“அக்கா, புதுசா ஆரம்பிக்கிறோம். மாத்திரையோட மேட்டையும் மருந்தோட மேட்டையும் தனித்தனியா பிரிக்கணும். திங்கட்கிழமை உங்க ரத்தம் வேணும். மாத்திரை போட்டு ஒண்ணு, போடாம ஒண்ணு.”

“தரேன் தம்பி. ஆனா அன்னிக்கு நீங்க ஒண்ணு எழுதிக் கொடுத்தீங்க. அதுக்கு இன்னும் ஒண்ணும் சொல்லலையே.”

அவர் புருவத்தைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நடிப்பில்லை.

“என்ன எழுதிக் கொடுத்தேன்?”

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அலமாரிப் பக்கம் போனாள்.

“ஒண்ணுமில்ல. வேற என்ன வேணும்?”

“சின்னக் குழாய் ஒரு பெட்டி.”

எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள். அவர் வாங்கிக்கொண்டு திரும்பினார். இரண்டடி போனவர், பழக்க தோஷத்தில் நின்று கேட்டார்.

“கழுவினதுதானே அக்கா?”

“அது உறுதிசெய்யப்படல தம்பி” என்றாள் அவள். “நீங்களே கழுவிக்கங்க.”